மறுபடி முளைத்த பற்கள்

பாற்பல் விழுந்தால் முளைக்கும். அதற்குப் பிறகு வந்த பல் விழுந்தால் முளைக்காது. இதைச் சொல்லப் பல் வைத்தியர் தேவையில்லை. இருந்தும் எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், பிடுங்கிய கடைவாய்ப்பற்கள் சில நாட்களுக்குள் மறுபடி முளைத்துவிட்டன என்று அரசாங்கக் கடிதம் ஒன்று சொன்னது. அதற்கு ஆதாரமான தாள்களில், பதிவாளர் என்ற இடத்தில், என் கையெழுத்து இருந்தது.

நான் அப்போது மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிபர உத்தியோகத்தன். பட்டத்துக்குக் கணிதம் படித்தவன். காய்ச்சல், பிறப்பு, இறப்பு, தடுப்பூசி என்று எண்ணக்கூடிய எல்லாவற்றையும் எண்ணி மேலே அனுப்புவது என் வேலை. எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதியில் யார் ஒப்பமிட வேண்டும், ஒப்பமிட வேண்டியவர் லீவில் நின்றால் அடுத்து யார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த அறிவால் ஒருவருடைய வலியையும் நான் தீர்த்ததில்லை. ஓய்வூதியம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

மறுகரையில், மூதூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பல் சிகிச்சை நிலையம் இருந்தது. நிலையம் என்றால் ஒரு அறை. அறைக்குள் ஒரு கதிரை, பல் பார்க்கும் நாற்காலி. சாய்ந்து படுக்கக்கூடிய, காலால் மிதித்து உயர்த்தக்கூடிய இரும்புக் கதிரை. நாட்டுக்குள் வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. அப்படியான கதிரைகள் நாடு முழுவதும் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருந்தன. அந்தக் கதிரை வருவதற்கு முன் அங்குள்ளவர்கள் பல்லுக்காக லோஞ்சு என்னும் இயந்திரப் படகில் ஏறிப் பட்டினத்துக்கு வர வேண்டும். வாடைக்காற்று எழும்பும் மாதங்களில் லோஞ்சு ஓடாது. தரைவழியே வருவதென்றால் ஆற்றுக்கு ஆறு பாதை என்னும் மிதவையில் ஏறி இறங்க வேண்டும். வெள்ளம் வந்தால் அதுவும் நின்றுவிடும். ஒரு மாரியில் வண்டிக்காரர் ஒருவர், கடைவாய்ப்பல்லின் சீழ் தாடையிலிருந்து தொண்டைக்கு இறங்கி, இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்திருந்தபடியே மூச்சடைத்து இறந்துபோனார். பல்லால் மனிதன் சாவான் என்று பட்டினத்தில் யாரும் நம்பவில்லை. இறப்புப் பதிவில் 'காய்ச்சல்' என்று போட்டிருந்தார்கள். அதையும் எண்ணி நான்தான் மேலே அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் கதிரை வந்தது. கதிரையோடு பல் வைத்தியரும் வந்தார். சல்லிக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படித்து மேலே வந்த இளைஞர். கிழமையில் ஐந்து நாள் அக்கரையில் தங்கி வேலை செய்வார். அவர் பல் மருத்துவம் படித்த இடத்தில் புள்ளிவிபரவியலும் ஒரு பாடமாம். மதியச் சாப்பாட்டுக்கு முந்திய வகுப்பு. விரிவுரையாளர் கரும்பலகையில் நியம விலகலின் சூத்திரத்தை எழுதிவிட்டுத் திரும்பும்போது பாதி வகுப்பு கன்ரீனில் இருக்கும்.

"அண்ணை, அந்தப் பாடத்தில எனக்கு ஒண்டே ஒண்டுதான் ஞாபகம் இருக்கு," என்று ஒருநாள் லோஞ்சில் சொன்னார். "பானையில இருந்து ஒரு சோறு எடுத்துப் பாத்தால் போதும் எண்டு."

"பானையைக் கிண்டிப்போட்டு எடுக்க வேணும். மேலால எடுத்தால் அது மேற்சோறு," என்றேன்.

"அதுக்குள்ள எனக்குப் பசி வந்திட்டுது."

அவர் சிரித்த கடைசி மாதங்களில் அது ஒன்று. ஏனென்றால் தலைநகரிலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. கதிரைகள் குறைவு, வாய்கள் அதிகம். ஆகவே மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கணக்கெடுத்து, தேவை குறைந்த இடத்துக் கதிரையைத் தேவை கூடிய இடத்துக்கு மாற்றுவதாக முடிவு. நியாயமான முடிவு. அந்தச் சுற்றறிக்கையில் எழுத்துப்பிழைகூட இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஐயத்துக்குரிய கதிரை என்று குறிக்கப்பட்டிருந்தது அக்கரைக் கதிரைதான். அங்கே ஆட்கள் குறைவு, பாதை மோசம், மேற்பார்வைக்குப் போக எவரும் விரும்புவதில்லை.

"அங்க வந்து வாயைத் திறந்து பாத்தால் விளங்கிடும். நான் ஒரு நாளைக்குப் பிடுங்கிற பல்லைச் சிரட்டையில போட்டுக் காட்டவா?" என்றார் வைத்தியர்.

காட்ட முடியாது என்று விளக்கினேன். சிகிச்சைக்கு வருகிறவர்கள் நோயுள்ளவர்கள். அவர்களை எண்ணி ஊரின் பல்லைச் சொல்ல முடியாது. பள்ளி இடாப்பின் பெயர்ப் பட்டியலிலிருந்து குறித்த வயதுப் பிள்ளைகளை எழுமாற்றாகத் தெரிய வேண்டும். அதாவது, யாருடைய விருப்பமும் நுழையாதபடி எண் அட்டவணையைப் பார்த்துப் பெயர் எடுக்க வேண்டும். சொத்தைப் பல், பிடுங்கிய பல், அடைத்த பல் என்று மூன்றையும் கூட்டி ஒரு பிள்ளைக்கு ஓர் எண். பிறகு சராசரி. பார்க்கிறவர் வெளியாளாக இருக்க வேண்டும். தன் கதிரைக்காகத் தானே பல் எண்ணக்கூடாது.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"வெளியில நிக்கிறது."

அவர் கடலைப் பார்த்தார். அந்தக் கதிரை போனால் அடுத்த மாரியில் இறங்குதுறையில் இன்னொரு வண்டிக்காரர் இருப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்பது எனக்குத் தெரியாது. நான் கற்ற முறைகளில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

கணக்கெடுப்பு நாள் வந்தது. பல் பார்க்க அனுப்பப்பட்ட பரிசோதகர் யாழ்ப்பாணத்து மனிதர், தலைநகர் உத்தியோகத்திலேயே நரைத்தவர். கை சுத்தமானவர், எல்லா அர்த்தத்திலும். சின்னக் கண்ணாடியும் கொக்கி ஊசியும் கொதிநீரில் போட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சம் விழும்படி பிள்ளையை வாங்குப் பலகையில் படுக்கவைத்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு இலக்கத்தைச் சொல்வார். நான் பக்கத்தில் இருந்து எழுதுவேன். பதிவாளர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, காது போதும். முன்பே எண் அட்டவணையால் தெரிந்தெடுத்து அனுப்பிய பெயர்களை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, வகுப்பு மாஸ்டர் பிள்ளையை உள்ளே விடுவார்.

பள்ளிக்கூடம் அன்று வெள்ளையடித்திருந்தது. வாசலில் தென்னோலைத் தோரணம். தலைமையாசிரியர் தொப்பியும் வெள்ளைச் சேர்ட்டுமாக, கலியாண வீட்டுக்காரரைப் போல நின்றார். பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வழிந்தது. உதட்டோரத்தில் சிலருக்குப் பல் விளக்கிய கரித்தூள் ஒட்டியிருந்தது. பரிசோதகர் வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தார்கள். நல்ல பல், நல்ல பல், நல்ல பல். எங்காவது ஒரு வாயில் கடைவாய்ப்பல் ஒன்று பிடுங்கியிருக்கும். மற்றபடி நல்ல பல். என் பேனை பூச்சியத்தையே எழுதிக்கொண்டிருந்தது. வெளியே மரத்தடியில் நின்ற பல் வைத்தியர் ஜன்னலால் என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தைத் தாளுக்குள் வைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் தலைமையாசிரியர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். "எப்படி சேர் எங்கட புள்ளைகள்?"

"மிக நல்ல பற்கள்," என்றார் பரிசோதகர். உண்மையாகவே மகிழ்ந்திருந்தார். தலைநகரில்கூட இப்படிப் பார்க்க முடியாது என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் தலைமையாசிரியர்.

பரிசோதகர் லோஞ்சுக்கு முன்னால் போய்விட்டார். நான் தாள்களை அடுக்கிக்கொண்டு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன், வைத்தியருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று. அவர் ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தார். தாய்க்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, ஒரு பக்கக் கன்னம் பலாக்கொட்டையை அடக்கிவைத்தது போல வீங்கியிருந்தது.

"ரெண்டு நாளா உறங்கல்ல டொக்டர். கஞ்சியும் எறங்குதில்ல. இண்டைக்கு இஸ்கூலுக்குப் போகாட்டிப் பரவாயில்லயெண்டு நானும் நினைச்சன், பெரிய மாஸ்டரும் வரவேணாமெண்டு சொல்லிட்டாரு."

"ஏன் வரவேணாம்?"

"பல்லு இன்ஸ்பெக்டர் வாறாராமே. வீங்கின மூஞ்சியோட என்னத்துக்கு, இஸ்கூலுக்கு மானக்கேடெண்டு."

வைத்தியர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். தாய் சொன்னார். அந்தப் பெயரைச் சற்றுமுன் நான் வாசித்திருந்தேன். அந்தப் பெயருக்கு ஒரு பிள்ளை உள்ளே வந்து, "இருக்கிறன் சேர்" என்று சொல்லி, வாங்கில் படுத்து வாயைத் திறந்தது. அந்த வாய் முழுக்கப் பூச்சியம்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களை அறிந்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. கல்விப் பரிசோதகர் வருகிறார் என்றால், மக்கு என்று பெயரெடுத்தவனை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, மேல்வகுப்புக் கெட்டிக்காரனை இறக்கி அவனுடைய பெயருக்கு எழும்பச் சொல்வார்கள். வாய்ப்பாடு ஒழுங்காக ஒலிக்கும். பரிசோதகர் மகிழ்ந்து போவார். கூரைக்குக் காசு வரும். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், பரிசோதகர் உட்பட. தலைமையாசிரியர் அதையே பல்லுக்கும் செய்திருந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல முன்பல் உள்ளவர்களை எடுத்து, என் எண் அட்டவணை தெரிந்த பெயர்களை அவர்களுக்குப் பங்கிட்டிருக்கிறார். கடைவாய் சிரிப்பில் தெரியாது. ஆகவேதான் அங்கங்கே ஒரு பிடுங்கிய பல்.

வைத்தியர் கத்தவில்லை. பிள்ளையைக் கதிரையில் ஏற்றி, சீழைத் திறந்துவிட்டு, கையைக் கழுவிய பிறகுதான் பேசினார்.

"அண்ணை, நீங்கள் சட்டம் தெரிஞ்ச ஆள். இப்ப என்ன செய்யலாம்?"

ஓடலாம் என்பது மட்டும்தான் அப்போதைக்கு எனக்குத் தெரிந்தது. இறங்குதுறைக்கு ஓடினேன். லோஞ்சு கயிறு அவிழ்க்கும் நேரம். பரிசோதகர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"தம்பி, நான் நாளைக்குக் கந்தளாய். பிறகு நகரம். பிறகு ரயில். ஒரு பாடசாலையைத் திரும்பப் பார்க்கிறதுக்கு இடமில்லை."

"இருக்குது ஐயா. அறிவுறுத்தலில கடைசிப் பக்கம். பதிவில் பிழையிருப்பதாகப் பதிவாளர் எழுத்தில் கேட்டால் அதே பிள்ளைகளை மறுபரிசோதனை செய்யலாம்."

அவர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். "கடைசிப் பக்கத்தையும் வாசிச்சனீரோ?"

"ஓம்."

"என்ர உத்தியோகத்தில உம்மைப் போல ஒருத்தரைக் காணேல்ல," என்றார். அது பாராட்டல்ல. ரயில் ஏறுவதற்கு முதல் நாள் திரும்ப வர ஒத்துக்கொண்டார், கடல் விட்டால்.

லோஞ்சு அவரை ஏற்றிக்கொண்டு போனது. நானும் வைத்தியரும் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் மனிதர் தேத்தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, வாழ்த்து வாங்கும் முகத்தோடு கதிரையை இழுத்துப் போட்டார். வைத்தியர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். தலைமையாசிரியரின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"நில்லுங்க டொக்டர். சொத்தப் பல்லு இருந்தாத்தான் கதிரை நிக்குமா?"

"ஓம்."

"நல்ல பல்லெண்டாக் கொண்டு போயிருவாங்களா?"

"ஓம்."

"இதென்ன பரீட்சை? பெயிலானாத்தான் பாஸா?" என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க படிச்ச மனுசன். இத முன்னால ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

சொல்லக்கூடாது என்பது விதி. பிள்ளைகளையோ ஆசிரியர்களையோ கணக்கெடுப்பின் விளைவு குறித்து முன்கூட்டியே அறிவிக்கக்கூடாது. அறிவித்தால் முடிவு சாயும். அதை அவருக்கு விளக்க முயன்றேன்.

"சொல்லாட்டி மட்டும் சாயல்லயா?" என்றார்.

தேத்தண்ணீர் வந்தது. யாரும் குடிக்கவில்லை. அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "அந்த வண்டிக்காரர்ர மகனும் அந்த வகுப்புத்தானே? அவனயும் வரவேணாமெண்டுதானே சொன்னீங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

ரயிலுக்கு முதல்நாள் கடல் விடவில்லை. உட்துறைமுகத்திலேயே அலை சுவரில் மோதிக்கொண்டிருந்தது. லோஞ்சு இல்லை என்று பலகையில் எழுதிவிட்டார்கள். பரிசோதகர் பலகையைக் காட்டிக் கையை விரித்தார். நல்ல மனிதர், ஆனால் பலகையை நம்புகிறவர். அப்போது பல் வைத்தியர் தன் மாமனின் வள்ளத்தோடு வந்து நின்றார். காற்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது. டொக்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இதிலயோ?" என்றார் பரிசோதகர்.

"ஐயா, அக்கரையில பல்லு வலிக்கிறவனுக்கு இதுவும் இல்லை," என்றார் வைத்தியர்.

குடாவின் நடுவில் பரிசோதகர் இரண்டு முறை வாந்தியெடுத்தார். கருவிப் பெட்டியை மட்டும் மார்போடு அணைத்தபடி விடவேயில்லை. வைத்தியரும் மாமனும் தண்டு வலித்தார்கள். அலை தூக்கிப் போடும்போதெல்லாம், இந்த வள்ளம் கவிழ்ந்தால் மாவட்டச் சராசரி என்னவாகும் என்று யோசித்தேன். வேறு எதையாவது யோசித்தால் பயம் வந்திருக்கும்.

கரையில் தலைமையாசிரியர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால், பள்ளி வாசல்வரை, ஒரு வரிசை. வீங்கிய கன்னங்கள், துணியால் கட்டிய தாடைகள், கறுத்த முன்பற்கள். குறித்த வயதில் இல்லாத சின்னதுகள், மீசை முளைத்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த ஒரு தாய், ஒரு கிழவர்.

"சேர், எது வேணுமெண்டு சொல்லுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "எங்கட ஊர்ல இருக்கிற அவ்வளவு சொத்தயும் கொண்டந்திருக்கன்."

நான் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டேன். வைத்தியர்தான் அவரிடம் பொறுமையாகச் சொன்னார்: முன்பு வாசித்த அதே பெயர்கள், அந்தப் பெயருக்குரிய அதே பிள்ளைகள், நல்ல பல்லோ கெட்ட பல்லோ அப்படியே. வேறு ஒருவரும் வேண்டாம்.

"அந்தப் பேர்ல ரெண்டு புள்ளைகளுக்கு நல்ல பல்லு டொக்டர். அதுகளயும் விடவா?"

"விடுங்கோ."

விட்டார். ஒவ்வொரு பிள்ளையோடும் தகப்பனோ தாயோ வந்து, இது என் பிள்ளைதான் என்று சொன்னார்கள். பரிசோதகர் வெளிறிய முகத்தோடு இலக்கங்களைச் சொன்னார். நான் எழுதினேன். இந்த முறை பூச்சியம் அபூர்வமாகத்தான் வந்தது. வீங்கிய கன்னத்துப் பிள்ளையும் வந்தாள். வீக்கம் வற்றியிருந்தது, பற்கள் அதே பற்கள். வண்டிக்காரரின் மகனுக்கு முறை வந்தபோது, தகப்பன் எப்படிப் போனார் என்று தாய் சொல்ல, பரிசோதகர் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு தொடர்ந்தார். ஊர் உண்மையாகவே வாயைத் திறந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சரியான தாள்கள் அவைதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

திரும்பும்போது காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. வைத்தியர் தண்டு வலித்தபடி ஏதோ பாடினார். பரிசோதகர் என் தோளைத் தட்டினார். அந்த மாலை ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது.

பதில் மழை முடிவதற்குள் வந்துவிட்டது. அரசாங்கம் சில விஷயங்களில் விரைவானது. ஒரே பரிசோதகர், ஒரே பிள்ளைகள், சில நாள் இடைவெளி. இரண்டு அளவீடுகளுக்கிடையே ஒத்திசைவு ஏற்கத்தக்க எல்லைக்குக் கீழே. மேலும் முதற் பரிசோதனையில் பிடுங்கப்பட்டவை எனப் பதியப்பட்ட நிலைத்த பற்கள் மறுபரிசோதனையில் வாயில் இருப்பதாகப் பதியப்பட்டுள்ளன. இது உடலியல் ரீதியாகச் சாத்தியமில்லை. ஆகவே இந்நிலையத்தின் தரவுகள் இரண்டும் நம்பத்தகாதவை எனக் கருதி நீக்கப்படுகின்றன. எஞ்சிய நிலையங்களின் சராசரியின்படி மாவட்டத்தின் தேவை குறைவு. கதிரை மாற்றப்படும்.

முதலாவதை நீக்கி இரண்டாவதை வைத்திருங்கள் என்று எழுதினேன். ஆள் மாறியதை எழுதினேன். வழக்கத்தை எழுதினேன். தகப்பன்மார் சாட்சி என்று எழுதினேன். வந்த பதிலில் ஒரு வரி: பிள்ளைகள் மாற்றப்பட்டதைக் கருத்தில் கொள்வதற்கு நடைமுறையில் ஏற்பாடு எதுவுமில்லை. விரும்பிய முடிவு வரும்வரை எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதைப் புள்ளிவிபரவியல் தெரிந்த உத்தியோகத்தர் என்ற வகையில் தாங்கள் அறிவீர்கள்.

அறிவேன். இதில் என்னை வதைத்தது அதுதான். அந்த மேசையில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்; இன்னும் கொஞ்சம் நல்ல தமிழில் எழுதியிருப்பேன். யாரோ ஒரு முட்டாள் என்று திட்டிவிட்டுத் தூங்கக்கூட எனக்கு வழியிருக்கவில்லை.

கடிதத்தை வைத்தியரிடம் வாசித்துக் காட்டினேன். தலைமையாசிரியரும் அங்கே இருந்தார். கொஞ்ச நாளாக அவர் பள்ளி விட்டதும் சிகிச்சை நிலையத்துக்கு வந்து வாசலில் இருப்பது வழக்கமாகிவிட்டது. "பல்லு திரும்ப முளைச்சதாமா?" என்று கேட்டார். அவர் எழும்பிப் போய்க் கதிரையின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"சேர், இதக் கொண்டு போகாம நிப்பாட்ட உங்கட புத்தகத்தில ஒண்டுமே இல்லயா?"

இருந்தது. கதிரை, இருப்புப் பதிவில், அசையும் தளபாடம். அசையும் தளபாடத்தைக் களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு கையெழுத்தோடு எடுத்துப் போகலாம். ஆனால் நிலத்தோடு பதித்த பொருள் கட்டடத்தின் பகுதி. அதைப் பெயர்க்க வேறு திணைக்களத்தின் மதிப்பீடும் அனுமதியும் வேண்டும். அந்தத் திணைக்களம் ஒரு கதவுப் பிணைச்சலுக்கு எடுக்கும் காலம் எனக்குத் தெரியும். இதை நான் யாருக்கும் ஆலோசனையாகச் சொல்லவில்லை. நடைமுறை இப்படி இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னேன்.

சீமெந்து பெர்மிட்டுக்குக் கிடைக்கும் காலம். பள்ளித் தண்ணீர்த்தொட்டிக்கென்று வந்த பையைத் தலைமையாசிரியர் தன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே குழைத்தார். வெள்ளைச் சேர்ட்டைக் கழற்றி ஜன்னலில் போட்டிருந்தார். கதிரையின் அடித்தட்டு மறையும்வரை பூசி, ஈரச்சாக்குப் போட்டு மூடினார்.

களஞ்சியப் பொறுப்பாளர் கூலியாட்களோடு வந்தபோது சீமெந்து இறுகியிருந்தது. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதை ஆர் செய்தது?"

"கடக்கரைதானே சேர், நெலம் மண்ணு. கதிரை ஆடிச்சு," என்றார் தலைமையாசிரியர். "புள்ளைகள் விழுந்தா ஆர் பொறுப்பு?"

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் விதியின் இலக்கத்தைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். கூலியாட்கள் நிழலில் இருந்து பீடி குடித்தார்கள். அடுத்த லோஞ்சில் எல்லோரும் போய்விட்டார்கள். கதிரை நின்றது.

வைத்தியரை நிறுத்தச் சீமெந்து இல்லை. தேவையில்லாத நிலையத்தில் பதவி இருக்க முடியாது. அவருக்கு மலைநாட்டுக்கு மாற்றம் வந்தது. மேன்முறையீட்டை நான்தான் எழுதினேன். ஒவ்வொரு பத்தியும் விதிப்படி. அது விதிப்படியே நிராகரிக்கப்பட்டது. போகும் நாளன்று இறங்குதுறையில் அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். லோஞ்சு புறப்படும் கடைசி நேரம்வரை அவர் ஒரு கிழவியின் பல்லை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றார் என்னிடம், "நீங்கள் சொன்ன மாதிரிப் பானையைக் கிண்டித்தானே எடுத்தனாங்கள்?"

"ஓம்," என்றேன்.

"பிறகென்ன," என்றார்.

அடுத்த மாரி தொடங்குவதற்குச் சற்று முன், பிறப்புப் பதிவுகளைப் பார்க்க அக்கரைக்குப் போனேன். சிகிச்சை நிலையம் திறந்திருந்தது. இருப்புப் பதிவில் உள்ள பொருளைத் தூசு தட்ட வேண்டும் என்பதால் சிற்றூழியர் கிழமைக்கு ஒருநாள் திறப்பாராம். அன்றைக்கு ஆட்கள் வருவார்களாம். வந்து அந்தக் கதிரையில் ஏறிச் சாய்ந்து வாயைத் திறந்துகொள்வார்கள். அவர் பஞ்சில் கராம்பெண்ணெய் நனைத்து வைத்துவிட்டு, லோஞ்சு ஓடுகிற நாளில் பட்டினத்துக்குப் போகச் சொல்வார். நான் போனபோது வீங்கிய கன்னத்துப் பிள்ளை அதில் சாய்ந்திருந்தாள். இந்த முறை மற்றக் கன்னம்.

தலைமையாசிரியர் என்னைக் கண்டுவிட்டு ஓடிவந்தார். இளைத்திருந்தார்.

"சேர், அடுத்த பல்லுச் சேர்வே எப்ப?"

பத்து வருடத்துக்கு ஒன்று என்பது நடைமுறை. அதுவும் நிதி இருந்தால். வாய்வரை வந்தது. "அறிவிப்பாங்கள் மாஸ்டர்," என்றேன்.

"அறிவிக்கட்டும். நான் ஆயத்தம். பேர் மாறாது, ஆள் மாறாது," என்றார். பிறகு கிட்ட வந்து, இரகசியம் சொல்வது போல, "இந்தமுறை ஒரு புள்ளையையும் பல்லு வெளக்கவும் விடமாட்டன் சேர்," என்றார்.

பிள்ளைகள் பல் விளக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பள்ளி முற்றத்தைப் பார்த்துக் கை தட்டினார். இடைவேளைக்கு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். பழக்கப்பட்டவர்களைப் போல வரிசையானார்கள்.

"சேருக்குக் காட்டுங்க," என்றார்.

எல்லோரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். என்னிடம் தாளும் இல்லை, பேனையும் இல்லை. முதற் பிள்ளையிலிருந்து தொடங்கி, வரிசையின் கடைசிவரை, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு போனேன்.